யார் வீட்டு ஆள்?

மறுநாள் மத்தியானம் மதினி கரண்டியால் சோறு சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் கரண்டி என்பது குழம்பை அள்ளி ஊற்றுவதற்கு. அதை வாய்க்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் சிரிக்கிற ஊர் எங்களுடையது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிசையாத சோற்றை அவள் கிண்டிக் கிண்டிச் சாப்பிட்டதை நான் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, மேலே தடவிய தேங்காயெண்ணெய் மினுங்கியது. ஊட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "ஒஞ் சோலியப் பாத்துக்கிட்டுப் போளா" என்றாள். எனக்கு அது வேண்டியதுதான். கோயில் மணிக்கயிற்றை இழுத்து இழுத்து உரிந்த கை அது. கயிற்றை வாங்கிக்கொள்ள வராமல் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன்.

மதினி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. பெரியதாழையிலிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். இப்போது ஊரில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, ஏதோ மாதா சுரூபத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி பேசுகிறார்கள். கேட்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. தண்ணி லாரி வந்தால் அடுத்தவள் குடத்தை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்கிறவள் அவள். மீன் ஏலத்தில் அவள் போடுகிற சத்தத்துக்கு வியாபாரிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே என் சீப்பை எடுத்துத் தலைவாரிவிட்டு, கேட்டதற்கு என்னையே திட்டியவள். சாந்த சொரூபி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரக்கம் என்றால் மெத்தென்று இருக்கும், மெல்லப் பேசும், கண்ணைத் துடைத்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு மதினியைப் புரியாது. எனக்கே அன்றைக்குப் புரியவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஒருவன் காணாமல் போனால் கோயில் மணி அடிக்கும். சாவுக்கு அடிக்கிற நிதானமான மணி இல்லை, விடாமல் அடிக்கிற மணி. அது கேட்டால் ஏலம் நிற்கும், வலை கரையிலே கிடக்கும், எல்லா வள்ளமும் தேடப் போகும். மணி கேட்ட பிறகும் கரையில் நிற்கிறவனுக்கு ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். ஆள் கிடைக்கிறவரைக்கும் மணி ஓயக்கூடாது. இதில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தக் கயிற்றைக் காணாமல் போனவனின் வீட்டார்தான் பிடிக்க வேண்டும். முதலில் பிடிக்கிறவர், கூடியிருக்கிற ஊருக்கு முன்னால் "எங்க வீட்டு ஆளு" என்று சொல்லிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். மாற்றிப் பிடிக்க வருகிறவர்களும் அதையே சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். யாரோ விளையாட்டுக்கு அடித்து ஊரையே கடலுக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக முன்னோர் வைத்த ஏற்பாடு. எங்கள் அப்பாவின் தம்பிக்காக அந்தக் கயிற்றை என் குடும்பமே முறைபோட்டு இழுத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கம்தான். வீடே இல்லாதவன் ஒருவன் எங்கள் கடலில் விழுவான் என்பதை மட்டும் அதை வைத்தவர்கள் யோசிக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பையன்கள் இப்போது வள்ளத்தில் ஏறுவதில்லை. கப்பலுக்குப் போகிறார்கள், வெளிநாட்டுக்குப் போகிறார்கள், மிச்சப் பேர் தூத்துக்குடி துறைமுகத்தில் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறார்கள். வலை இழுக்க ஆள் வேண்டுமே. ஒடிசாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஊர் வைத்த ஒரே பெயர் "பாய்". நீளமான பாய், குட்டை பாய், மீசை பாய் என்று அடையாளத்துக்கு ஒரு சொல் முன்னால் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அண்ணன் வள்ளத்துக்கு வந்தவன் முப்பத்தைந்து வயசிருக்கும், மெலிந்த ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வீட்டுக்குப் பின்னாலிருந்த வலைக்கொட்டகையில் படுத்துக்கொண்டான், எங்கள் குசினியில் சாப்பிட்டான். முதல் நாளே மதினி சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "பேரச் சொல்லு, பேரு தெரியாதவனுக்கு எப்பிடிச் சோறு போட?" என்று கேட்டாள். சுதர்சன் என்றான். வீட்டில் அவனை அந்தப் பெயரில் கூப்பிட்டவள் அவள் ஒருத்தி மட்டும்தான்.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வருகிற கப்பலின் க்ரூ லிஸ்டை தினமும் தட்டச்சு செய்வது என் வேலை. பிலிப்பைன்ஸ்காரன், உக்ரைன்காரன், பர்மாக்காரன், எல்லோர் பெயரையும் ஒரு எழுத்துப் பிசகாமல் அடிப்பேன். ஒருவனுக்குப் பல்வலி என்றால் கூட அவனைக் கரைக்கு இறக்க ஆறேழு காகிதம் தயார் செய்து, வாசலில் வண்டியோடு நிற்பேன். அப்படிப்பட்ட நான், சனி ஞாயிறு வீட்டுக்கு வரும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனை "பாய், தண்ணி எடு" என்றுதான் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அது ஒரு திங்கட்கிழமை. சாளை மீன் கரையோரமாகக் கூட்டம் கூட்டமாக ஒதுங்கிய வாரம். விடியுமுன் போன அண்ணன் வள்ளம் எட்டு மணிக்கு வந்தது. நான் ஆபீஸ் பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் கரையேறி வந்து முற்றத்தில் குந்தினான். முகம் வெளுத்துக் கிடந்தது. வலை விடும்போது ஒரு அலை குறுக்கே அடித்ததாம், பின்பக்கம் நின்றவன் விழுந்துவிட்டானாம், ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தும் ஆளைக் காணோமாம். "மைக்குல சொன்னியளா?" என்று மதினி கேட்டாள். மைக் என்பது வள்ளத்தில் இருக்கிற வயர்லெஸ். சொன்னால் அக்கம்பக்கத்து வள்ளமெல்லாம் பத்து நிமிஷத்தில் வந்திருக்கும். அண்ணன் சொல்லவில்லை. வேலைக்காரன் பெயரை மீன்துறைப் பதிவில் சேர்க்கவில்லை, கேஸாகிவிடும் என்ற பயம். "வாயில என்னய்யா வச்சிருந்திய, கொழுக்கட்டையா?" என்று மதினி கத்தினது தெரு முழுக்கக் கேட்டது. என் அண்ணன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் செய்கிற கேடு சின்னதில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. மெரைன் போலீசுக்கும் கோஸ்ட் கார்டுக்கும் ஊர்க் கமிட்டித் தலைவர் போன் போட்டார். அதோடு கடமை முடிந்தது என்பது அவர் எண்ணம். மணி அடிப்பதா வேண்டாமா என்று பேச்சு ஓடியது. மீன் ஒதுங்குகிற நேரம், அடித்தால் எல்லா வள்ளமும் நிற்கும் என்றார் ஒருவர். அவன் நம்ம வேதக்காரன்கூட இல்லையே என்றார் இன்னொருவர். ஞாயிறுதோறும் பூசையில் இரக்கம், இரக்கம் என்று முறைபோட்டுப் பாடுகிற வாய்கள்தான் இவ்வளவும் பேசின. மீன்பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒடிசாக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு மூலையில் சேர்ந்து நின்றார்கள். அவர்களில் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. விழுந்தவனுக்கு நீந்தத் தெரியும், கையில் ஏதாவது சிக்கியிருந்தால் மிதந்துகொண்டு கிடப்பான் என்பது அங்கே நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் தெரியும்.

மதினி பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கோயிலைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, கோயில் கேட் பக்கத்தில் அவள் கையைப் பிடித்தேன். "மதினி, போலீசுக்குச் சொல்லியாச்சு, கோஸ்ட் கார்டு வந்துருவாங்க. ஊரோட எதுக்குச் சண்டை? அண்ணன் பேரும்லா கெடும்" என்றேன். படித்தவள் இல்லையா, நியாயமாகத்தான் பேசுவேன். அவள் என் தோளில் தொங்கிய ஆபீஸ் பையைப் பார்த்தாள். "ஏளா, ஒங் கப்பல்ல ஒருத்தன் விழுந்தாலும் இப்பிடித்தான் பஸ்ஸுக்கு நிப்பியா?" என்றாள். நான் கையை விடவில்லை. அதற்குள் தலைவரும் இன்னும் நாலு பேரும் வந்துவிட்டார்கள். தலைவர் எங்களுக்கு மாமா முறை.

"ஏளா, நில்லு. மணிக்கயிறு வெளையாட்டுச் சாமானில்ல. யாரு வீட்டு ஆளுன்னு சொல்லிப் பிடிப்ப?" என்றார்.

"எங்க வீட்டு ஆளுன்னு."

"ஒடிசாவுல இருந்து வந்தவன் ஒனக்கு என்ன முறை?"

"எட்டு மாசமா எங் குசினியில திங்கான். பிள்ளைக்குக் காச்சல்னாலும் எங்கிட்டதான் வந்து சொல்லுதான். முறை வேணும்னா வச்சிக்கிடுங்க மாமா, எங் கொழுந்தன்."

யாரோ சிரித்தார்கள். மதினி என் பிடியை உதறிய வேகத்தில் என் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்து, வெளியே நின்ற எங்கள் அத்தனை பேரையும் பார்த்து, "சுதர்சன். எங்க வீட்டு ஆளு" என்று கத்திவிட்டு இழுத்தாள். அப்போது மணி ஒன்பதரை.

அண்ணன்தான் முதலில் ஓடினான். ஏலக்கூடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவன், மணி கேட்டதும் எழுந்து வள்ளத்தைத் தள்ளினான். ஒடிசாக்காரர்கள் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு அவனோடு ஏறினார்கள். மற்றவர்கள் தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணி நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குக் கடலில் இறங்கிப் பழகிய கால்கள், எவ்வளவு நேரம்தான் மணலில் நிற்கும்? ஒருவன் திட்டிக்கொண்டே போனான். இன்னொருவன் தலைவர் காதில் விழாமல் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். பத்து மணிக்குள் கரையில் ஒரு வள்ளம் இல்லை. தலைவரின் மகன் வள்ளமும் போய்விட்டது.

மதினி தனியாக இழுத்தாள். அது பெரிய மணி, ஆண்களே பத்து நிமிஷத்துக்கு ஒருவர் மாறுவார்கள். பதினொரு மணிக்குக் கயிற்றில் ரத்தம் தெரிந்தது. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். கோயிலுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்றோம். உள்ளே போவதற்கு ஒரே தடைதான், அந்த மூன்று சொல்லைச் சொல்ல வேண்டும். முதலில் போனது இட்லிக்கடை அக்கா. கடலில் புருஷனைப் பறிகொடுத்தவள், இதே கயிற்றை ஒருநாள் முழுக்கப் பிடித்தவள். மாவு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தபடி வாசலில் நின்று, "எங்க வீட்டு ஆளு" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் இன்னொரு தரம் சொன்னாள். இரண்டாவதாகப் போனவள் தலைவரின் பெண்சாதி. புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வரிசை நின்றது. நான் ஐந்தாவதோ ஆறாவதோ. அந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. மதினி கொழுந்தன் என்று சொன்ன கணக்குக்கு அவன் எனக்கு அண்ணன் முறை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு அவன் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

ஒன்றரை மணிக்கு அவனைக் கண்டுபிடித்தார்கள். யாரோ போட்டிருந்த வலையின் மிதப்பில், இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து, தன்னை அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். தலைவரின் மகன் வள்ளம்தான் உடலைத் தூக்கியது. கரையில் இறங்கியதும் அந்த மகன் யாரையும் பார்க்காமல் நேரே தகப்பனிடம் போய், "கை கால் வெறைக்கவே இல்லப்பா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கடலில் பிணம் எடுத்துப் பழகிய ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மத்தியானம்வரை உயிர் இருந்திருக்கிறது. காத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். நாங்கள் ஏலக்கூடத்தில் நின்று அவன் யார் வீட்டு ஆள் என்று பேசிக்கொண்டிருந்தோம். தலைவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். மதினி வந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சுதர்சன் தலையிலிருந்து பாசியை எடுத்துப் போட்டுவிட்டு, தன் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு நிமிர்ந்து சுற்றி நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவனும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சுதர்சனின் தம்பி ரயிலேறி வந்தான். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நின்றோம். துறைமுகத்தில் பொறுக்கிய கொஞ்சம் இந்தி எனக்கு உண்டு, அதனால் நான்தான் இடையில் நின்று பேசினேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். தெரிந்தபிறகு எவ்வளவு நேரத்தில் தேட ஆரம்பித்தீர்கள்? நான் தலைவரிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "உடனேன்னு சொல்லு" என்றார். "துரந்த்" என்று நானும் சொன்னேன். உடனே. அந்த ஒரு சொல் என் வாயிலிருந்துதான் போனது, தலைவர் வாயிலிருந்து இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "அந்தப் பய என்ன கேட்டான்?" என்று மதினி கேட்டாள். சொன்னேன். அவன் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, எனக்கு மீன் எடுத்துவைக்கவும் இல்லை.

என்னோடு பேசாத வாயைக் கமிட்டியோடு பேசுவதற்கு வைத்துக்கொண்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஏலக்கூடத்தை மறித்தாள். பெண்கள் கூட்டத்தில் பேசும் வழக்கம் இல்லை என்றார்கள். "பொணத்துக்குக் கயிறு பிடிக்க மட்டும் வழக்கம் உண்டோ?" என்று கேட்டாள். கடைசியில் வள்ளத்தில் கால்வைத்தவன் எவனாக இருந்தாலும் ஊர் ஆள், விழுந்தது தெரிந்த நிமிஷமே மணி, யார் வேண்டுமானாலும் கயிற்றைப் பிடிக்கலாம் என்று முடிவாயிற்று. மணிக்கூண்டுச் சுவரில் ஒரு பட்டியல் ஏறியது. வெளியூரிலிருந்து வந்து எங்கள் கரையில் வேலை செய்கிற ஒவ்வொருவனின் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர். அதை மாதாமாதம் திருத்தி அடித்துக் கொடுப்பது என் வேலை. மதினி சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். பதிவில்லாமல் ஆள் ஏற்றுகிற வள்ளம் இப்போது எங்கள் ஊரில் கிடையாது. பக்கத்து இரண்டு ஊரிலும் சுவரில் பட்டியல் தொங்குகிறது. பாய் என்று கூப்பிட்டால் சின்னப் பிள்ளைகள்கூடத் திருத்துகிறார்கள்.

போன மழைக்காலத்தில் கடலில் கல் கொட்டும் வேலைக்கு வந்த பீகார்க்காரன் ஒருவனை அலை இழுத்துப் போனது. அவன் வள்ளத்து ஆள்கூட இல்லை. தலைவரே ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். அரை மணி நேரத்தில் அவனை உயிரோடு தூக்கிக் கொண்டுவந்து, டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வெளியே பரவியது. யார் யாரோ வந்து போட்டோ எடுத்தார்கள். இரக்கமுள்ள ஊர் என்று பெயர் வந்துவிட்டது. இரக்கம் இங்கே சும்மா கிடக்கவில்லை ஐயா. ஒரு பொம்பளை தொண்டை கிழியக் கத்தி, மரியாதையைக் கெடுத்துக்கொண்டு, புருஷனையும் நாத்தனாரையும் ஊரையும் பகைத்துக்கொண்டு அதைப் பிடுங்கி எடுத்தாள்.

இந்த வருஷத் திருவிழாவில் மதினிக்குச் சால்வை போட ஏற்பாடு. பந்தல் நிறையக் கூட்டம். தலைவர் மைக்கில், நம்ம ஊருக்கு வழிகாட்டிய தாய் என்றெல்லாம் பேசிவிட்டுச் சால்வையை விரித்தார். மதினி ஒரு அடி பின்னால் போனாள். "சால்வை இருக்கட்டும் மாமா. அன்னிக்கு வள்ளம் எத்தன மணிக்கு வந்துச்சி, மணி எத்தன மணிக்கு அடிச்சிது, அத மொதல்ல சொல்லுங்க" என்றாள். தலைவர் சால்வையை மடித்து மேசையில் வைத்தார். "எட்டு மணிக்கு வள்ளம் வந்துச்சி" என்றார். "ஒம்பதரைக்குத்தான் மணி அடிச்சிது. நாங்க அடிக்கல. இவ அடிச்சா. நான் மறிச்சேன்." அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொன்னதற்காக அந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதி என் மேல் இருக்கிற கோபம். மதினி என்னைத் தேடினாள். இரண்டாவது வரிசையில் பார்த்துவிட்டாள்.

"ஏளா, இங்கன வா. அவன் தம்பிக்குப் போனப் போடு. நீ எந்தப் பாஷையில பொய் சொன்னியோ, அதுலயே சொல்லு."

பந்தலுக்குப் பின்னால் போய்ப் போட்டேன். அவன் எடுத்தான். யாரென்று சொன்னேன். எட்டு மணிக்குத் தெரியும், ஒன்பதரை வரைக்கும் நாங்கள் தேடப் போகவில்லை, அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னது பொய் என்று, திக்கித் திக்கித் தெரிந்த இந்தியில் சொல்லி முடித்தேன். "தெரியும் அக்கா, அண்ணனுக்கு மத்தியானம்வரை உயிர் இருந்தது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார்" என்றான். பிறகு, தன் ஊர்க்காரர்கள் சொன்ன அந்த மணி அடித்த அக்கா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டான். போனை மதினியிடம் கொடுத்தேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு வேறு பாஷை தெரியாது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏலக்கூடத்தில் போடுகிற அதே குரலில் சொன்னாள்.

"தம்பி, லேட்டாக்கிட்டோம்ய்யா. நாங்கதான் லேட்டாக்கிட்டோம்."